கொறங்காடு சும்மா கிடக்கவில்லை

ஆடி மாசம் எங்கள் ஊர்ப்பக்கம் புதிதாக வருகிறவர்களுக்கு எங்கள் கொறங்காட்டை, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கும். பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைகிற காற்று தாராபுரம், மூலனூர், வெள்ளக்கோவில் வரை நிற்காமல் அடிக்கும். மழையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே தீர்ந்துவிடும், நமக்கு வந்து சேர்வது காற்று மட்டும்தான். சரளைச் செம்மண், சாய்ந்து காய்ந்த புல், அங்கங்கே ஒரு வெள்வேல மரம், சுற்றிலும் முள்ளும் குச்சியுமாகக் கிளுவை வேலி. இவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும்.

அந்த மாசம் பார்த்துத்தான் புரோக்கர்களும் வருவார்கள். போன ஆடியில் வந்தவர் கடவுக்கு (காட்டு வாசலுக்கு) வெளியே வண்டியை நிறுத்திவிட்டு, "சும்மா கிடக்கற காடுதானுங்களே, சோலாருக்கு விட்டீங்கன்னா வருசா வருசம் குத்தகை வந்துருமுங்க" என்றார். மாமா, அதாவது என் மாமனார், பதிலே சொல்லவில்லை. மோர் கொடுத்து அனுப்பிவிட்டோம். ஆனால் "சும்மா கிடக்கிற காடு" என்பதை அப்படியே விட எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். பிறந்த வீடு ஈரோட்டுப் பக்கம், காலிங்கராயன் வாய்க்கால் பாசனம். மஞ்சள், வாழை, கரும்பு என்று எந்த மாசம் பார்த்தாலும் ஏதாவது ஒன்று பச்சையாக நிற்கும். இங்கே அப்படிக் கிடையாது. வருசத்துக்கு அறுநூறு மில்லிமீட்டர் சொச்சம் மழை, அதில் நிறையவே ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். மிச்ச மாசங்களை அந்த ஈரத்தை வைத்தே ஓட்ட வேண்டும். அதற்குத் தோதாக இந்தப் பக்கத்துக் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக் காத்து வருவதுதான் கொறங்காடு. பயிர் என்றால் இங்கே புல். அதை அறுவடை செய்கிறவை ஆடும் மாடும்.

எங்களுக்கு இருபது ஏக்கர். கிணத்துக்காடு, பாறைக்காடு, மேக்காடு, கோயில்காடு என்று நாலாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி வேலி, தனிக் கடவு. ஒரு காட்டில் மேயும்போது மற்ற மூன்றும் தேறிக்கொண்டிருக்கும். காலையில் ஆட்டையும் மாட்டையும் உள்ளே விட்டுக் கடவைச் சாத்தினால், சாயங்காலம் போய்த் திறந்துவிட்டால் போதும். பின்னாலேயே குச்சியோடு திரிய ஆள் வேண்டியதில்லை. இது சின்ன விசயமாகத் தெரியலாம். என் வீட்டுக்காரர் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த வருசங்களில், மாமா காலில் அடிபட்டுக் கிடந்த நாட்களில், அத்தை ஒரு ஆளாக இத்தனை உருப்படியையும் பார்த்துக்கொண்டது அந்த வேலியை நம்பித்தான். மேய்க்க ஆள் கிடைக்காமல் எத்தனையோ ஊர்களில் பட்டிகள் காலியாகிவிட்டன. எங்கள் பக்கம் இன்னும் ஆடு இருக்கிறதென்றால் அதில் பாதிப் பெருமை கிளுவைக்குப் போக வேண்டும்.

வேலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கிளுவைக்கு விதை, நாற்று எதுவும் தேவையில்லை. முற்றிய கிளையை இடுப்புயரத்துக்கு வெட்டிப் போத்தாக நட்டாலே பிடித்துக்கொள்ளும். ஆடி, ஆவணியில் போத்து வெட்டி நிழலில் போட்டுவைத்து, முதல் மழைக்கு மண் இளகியதும் கடப்பாரையால் குழி போட்டு நெருக்க நெருக்கமாக ஊன்றுவோம். வெட்டிய வாயில் பால் கசிந்து பிசினாக இறுகும். அதற்கு ஒரு வாசம் உண்டு, கைகழுவினாலும் ராத்திரி வரை போகாது. முதல் இரண்டு வருசம் வெள்ளாடு எட்டிக் கடிக்காமல் பார்த்துக்கொண்டால், அப்புறம் அது நம்மைப் பார்த்துக்கொள்ளும். மேக்காட்டு வேலி மாமாவின் அப்பாரு வைத்தது. அடித்தண்டு என் கணுக்கால் பருமன் இருக்கும். இன்னும் துளிர்க்கிறது. கம்பி வேலி போட்டவர்கள் சில வருசத்தில் துருப்பிடித்த கம்பியை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

வேலி என்றால் முள் மட்டும் இல்லை. பிரண்டை, கோவை, முசுமுசுக்கை, தூதுவளை எல்லாம் அதில்தான் ஏறிக் கிடக்கும். சளிக்கும் சட்டினிக்கும் நான் கடைக்குப் போவதில்லை. கௌதாரி அதன் அடியில்தான் முட்டையிடும், கீரி அதற்குள்தான் குடியிருக்கும்.

புரட்டாசி பாதியில் காற்று நின்று வானம் கிழக்கே கறுக்க ஆரம்பிக்கும். முதல் உழவு மழை பெய்த ராத்திரி யாரும் சரியாகத் தூங்கமாட்டோம். மண்வாசம் வந்ததுமே கட்டுத்தரையில் மாடுகள் எழுந்து நின்றுவிடும். கொழுக்கட்டைப்புல்லின் திறமை அப்போதுதான் தெரியும். மேலே காய்ந்து சருகாகக் கிடந்தாலும் வேர்க்கட்டை உயிரோடு இருக்கும். ஒரு நல்ல மழை போதும், நாலைந்து நாளில் தூருக்குத் தூர் பச்சை எட்டிப்பார்க்கும். அதோடு சேர்ந்து செப்புநெருஞ்சியும் நரிப்பயறும் தானாகப் படரும். பயறு வகை இருந்தால்தான் மேய்ச்சல் மேய்ச்சலாக இருக்கும், வெறும் புல் மட்டும் தின்றால் குட்டிக்குச் சதை பிடிக்காது என்பார் மாமா. அந்தச் சமயத்தில் எவ்வளவு ஆசையாக இருந்தாலும் கடவைத் திறக்கக் கூடாது. புல் முழங்கால் பக்கம் வந்து கதிர் தலைகாட்டுகிற வரை பொறுக்க வேண்டும். அதுவரை தட்டுப்போரில் மிச்சம் இருக்கிற சோளத்தட்டுதான்.

பச்சை வந்துவிட்டால் பயமும் கூடவே வரும். துள்ளுமாரி என்று ஒன்று இருக்கிறது. நேற்று வரை குதித்து விளையாடிய குட்டி காலையில் துள்ளி விழுந்து செத்துக் கிடக்கும். அதுவும் நோஞ்சானை விட்டுவிட்டு, நன்றாகத் தின்று கொழுத்த குட்டியாகப் பார்த்துப் பிடிக்கும். குடலில் எப்போதும் இருக்கிற கிருமிதான், இளம்புல்லை அளவுக்கு மேல் தின்றதும் பெருகி விசத்தைக் கக்கிவிடுகிறது என்று கால்நடை டாக்டர் விளக்கினார். மழைக்கு முந்தியே ஊசி போட்டுவிட வேண்டும். மழை நாளில் விடிந்ததும் அவிழ்த்துவிடாமல், கொஞ்சம் காய்ந்த தட்டைப் போட்டு வயிற்றை நிரப்பி, புல்லில் ஈரம் உலர்ந்த பிறகு விடுவோம். அடுத்தது நீலநாக்கு. அது கொசு மாதிரியான பொடிப் பூச்சி கடித்து வருவது. மூஞ்சி வீங்கி, வாய் புண்ணாகி, ஆடு தீனியெடுக்காமல் நிற்கும். ஐப்பசி முழுக்கப் பொழுது சாய்ந்ததும் பட்டிக்குக் காற்று வரும் திசையில் வேப்பந்தழையும் நொச்சியும் போட்டு மூட்டம் போடுவது என் வேலை. கண் எரியும், சேலையெல்லாம் புகை வாடை. அந்த வாடை இல்லாத மழைக்காலம் எனக்கு நினைவில் இல்லை.

எங்களிடம் இருப்பது மேச்சேரிச் செம்மறி ஆடு. செம்பழுப்பு நிறம், கம்பளி கிடையாது, கொம்பும் கிடையாது, வால் குட்டை. தோலுக்குப் பேர்போன இனம், தோல் வியாபாரிகள் இதைத் தனியாகக் கேட்டு வாங்குவார்கள். சேலம் பக்கத்து மேச்சேரிதான் பூர்வீகம் என்றாலும் கொறங்காட்டுக்கென்றே பிறந்ததுபோல இங்கே ஒட்டிக்கொண்டது. வைகாசி, ஆனியில் கிடாய் சேர்த்தால் ஐந்து மாசத்தில், அதாவது ஐப்பசி, கார்த்திகையில் குட்டி விழும். காட்டில் பச்சை இருக்கும்போது தாய்க்குப் பால் ஊறும் என்பதற்காக மாமா கணக்குப் பார்த்துச் செய்வது இது.

கார்த்திகையில் பட்டி தூங்காது. போன வருசம் மழை பிடித்து அடித்த ஒரு ராத்திரி, தலையீற்று ஆடு ஒன்று மூலையில் குட்டியைப் போட்டுவிட்டு அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எழுந்து போய்விட்டது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் குட்டி நஞ்சுக்கொடி ஈரத்தோடு நடுங்கிக்கொண்டு கிடக்கிறது. தூக்கிக்கொண்டுபோய்த் தாய் மூஞ்சிக்கு நேரே வைத்தேன், முட்டித் தள்ளியது. அதற்குள் அத்தை கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். குட்டியின் மூக்கிலும் வாயிலும் இருந்த கோழையை விரலால் வழித்தார், வைக்கோலால் முதுகைத் தேய்த்தார், மடியிலிருந்து ஒரு பிடி கல்லுப்பைப் பொடித்து எடுத்து முதுகு நெடுகத் தூவினார். "இப்ப வெய்யி அம்மணி" என்றார். ஆடு மோந்து பார்த்தது. ஒரு நக்கு. அப்புறம் இன்னொன்று. உப்புக்கு நக்க ஆரம்பித்தது, கொஞ்ச நேரத்தில் குட்டிக்கே நக்கியது. அத்தை ஆட்டை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு காம்பை இரண்டு பீய்ச்சு பீய்ச்சினார். முதல் ஈற்றில் காம்பு நுனி அடைத்துக்கொண்டிருக்கும், அதை எடுத்துவிடாவிட்டால் குட்டி சப்பிச் சப்பி ஏமாந்துபோகும். சீம்பால் மஞ்சளாக இறங்கியது. வாயில் வைத்த காம்பைக் குட்டி இரண்டு தடவை விட்டுவிட்டு மூன்றாம் தடவை பிடித்தது. பால் தொண்டையில் இறங்குகிறதா என்று எப்படித் தெரியும் என்றால் வாலைப் பார்க்க வேண்டும். வால் படபடவென்று ஆடினால் இறங்குகிறது. ஆடியது. தொப்புளில் அயோடின் வைத்து, தாயையும் குட்டியையும் படல் வைத்து ஒதுக்கிக் கட்டிவிட்டு வந்து படுத்தபோது கோழி கூவிவிட்டது.

அத்தை பள்ளிக்கூடம் போனதில்லை. அந்தச் சீம்பால் முதல் சில மணி நேரத்துக்குள் குட்டி வயிற்றுக்குள் போனால்தான் நோயைத் தாங்கும் என்பதை எந்த டாக்டரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. அவர் கைக்குத் தெரிந்ததில் பாதியாவது நான் எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைக்கிறேன்.

மார்கழி முழுக்கப் பனியும் பச்சையும். காங்கயம் பசு கன்று போட்டால் பெரும்பாலும் இந்தப் பனிக்காலத்தில்தான் எங்கள் கட்டுத்தரையில் விழும். காங்கயம் கன்று பிறக்கும்போது செக்கச்செவேல் என்று இருக்கும். ஆறு மாசம் ஆகும்போது அந்தச் சிவப்பு உதிர்ந்து மயிலை (சாம்பல்) நிறம் ஏறும். காளைக்கன்றாக இருந்தால் வளர வளரத் திமிலும் கழுத்தும் கறுக்கும். பாலுக்காக வளர்க்கிற மாடு இல்லை இது. நேரத்துக்கு ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர்தான் கறக்கலாம், அதுவும் கன்றை விட்டால்தான் பால் இறக்கும். ஆனால் காய்ந்த புல்லைத் தின்று, வெயிலில் நின்று, டாக்டர் செலவில்லாமல் சினை பிடிக்கும். கலப்பின மாடு வாங்கிக் கட்டிய பக்கத்துத் தோட்டத்தில் பால் வருகிறது, தீவனக் கடைப் பாக்கியும் வருகிறது. எது யாருக்குத் தோது என்பது அவரவர் தண்ணீரைப் பொறுத்தது. எங்கள் தண்ணீருக்குக் காங்கயம்தான்.

தையில் பட்டிப் பொங்கல். மார்கழிக் கடைசி நாளான போகியன்றே ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வேப்பிலையும் சேர்த்துக் காப்புக் கட்டி முடித்திருப்போம். பட்டிக்குள் சாணத்தால் வரப்பு கட்டித் தண்ணீர் நிரப்பித் தெப்பக்குளம் செய்து, அதில் கன்றை விட்டு மிதிக்கவைப்போம். "பட்டி பெருக, பால் பானை பொங்க" என்று பிள்ளைகள் கத்துவார்கள். திருப்பூரிலும் பெங்களூரிலும் இருக்கிற சொந்தம் தீபாவளிக்கு வராவிட்டாலும் இதற்கு வந்துவிடும். அது முடிந்த கையோடு சோளம் அறுப்பு, தட்டுப்போர் போடுவது, மூன்று மாசக் கிடாய்க்குட்டிகளைச் சந்தைக்கு ஏற்றுவது என்று மாசி வந்துவிடும். பெட்டைக்குட்டியில் நல்லதைப் பட்டிக்கு நிறுத்திக்கொள்வோம். குட்டிக் காசில் வீட்டுச் செலவும் பிள்ளைகள் பீஸும் ஓடும். கன்று விற்ற காசு என்றால் கல்யாணம், கிணறு மாதிரி பெரிய காரியத்துக்கு.

சித்திரை வெயிலுக்கு வெள்வேல மரம்தான் தெய்வம். காடு மொட்டையாகக் கிடக்கிற அந்தச் சமயத்தில்தான் வேலாங்காய் பழுத்து உதிரும். காற்றடித்தால் ஆடுகள் மேய்ச்சலை விட்டுவிட்டு மரத்தடிக்கு ஓடும். நான் கீழே கிடப்பதைக் கூட்டிச் சாக்கில் கட்டிவைப்பேன், சினைக்கு நிறுத்தப்போகிற ஆடுகளுக்குச் சாயங்காலம் ஆளுக்கு ஒரு பிடி. காயை ஆடு தின்று, கொட்டை புழுக்கையோடு விழுந்து, அடுத்த மழைக்கு முளைக்கும். எங்கள் காட்டில் இத்தனை வேல மரம் நிற்கிறதே, ஒன்றைக்கூட நாங்கள் நடவில்லை. எல்லாம் ஆடு நட்டது. நெருக்கமாக வந்தால் வெட்டி அடுப்புக்கும் படலுக்கும் எடுத்துக்கொண்டு, நிழலுக்கு வேண்டியதை மட்டும் விடுவோம்.

அதே சித்திரையில்தான் கண்ணபுரம் மாரியம்மன் நோம்பியும் மாட்டுச் சந்தையும். காங்கயம் மாட்டை ஒரே இடத்தில் அவ்வளவு பார்க்க வேறு இடம் கிடையாது. மாமாவுக்கு வாங்கவும் விற்கவும் ஒன்றும் இல்லாவிட்டாலும் போய்விட வேண்டும். பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழியைத் தடவிப் பார்ப்பார், துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுகிறவர்களுக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார். திரும்பி வந்து ஒரு வாரத்துக்கு அதே பேச்சு.

2016இல் வடகிழக்குப் பருவமழை மொத்தமாகப் பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுக்க வறட்சி என்று அரசே அறிவித்தது. அந்த வருசம் போர்வெல் தோட்டங்களில் தென்னை தலை தலையாகச் சாய்ந்தது, ரோட்டோரம் முழுக்க மொட்டைத் தண்டுகள். எங்களுக்கும் தொட்டிக்கு லாரித் தண்ணீர்தான். வயசான ஆடுகளை முதலிலேயே விற்று எண்ணிக்கையைக் குறைத்துவிட்டார் மாமா. மிச்சம் இருந்தவை முந்தின வருசத்துப் புல்லின் தூரைக் கடித்தும், வேலாங்காய் தின்றும், கிளுவைத் தழை தின்றும் பிழைத்தன. ஒரு பசுவைக்கூட அடிமாட்டுக்கு அனுப்பவில்லை. அடுத்த மழை வந்தபோது விதைக்கவோ நடவோ செலவில்லாமல் காடு தானாகப் பச்சையாகி நின்றது. இதற்குச் சும்மா கிடக்கிற காடு என்று பெயர் வைக்க எனக்கு வாய் வராது.

இப்போது எங்களைத் தூங்கவிடாத விசயம் மழை இல்லை, தெருநாய். ஊரோரம் கறிக்கழிவைக் கொட்டுகிறார்கள், அதைத் தின்று பழகிய நாய்கள் ராத்திரி கூட்டமாகக் காட்டுக்குள் இறங்குகின்றன. நரி என்றால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகும். நாய் அப்படியில்லை, கழுத்தையும் தொடையையும் குதறிப் போட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவும், தின்பதுகூட இல்லை. எங்கள் பட்டியில் ஒரே ராத்திரியில் ஏழு போயின. மிரண்டுபோன சினையாடுகள் அந்த வாரமே குட்டியைக் கலைத்துவிட்டன. அத்தை ரெண்டு நாள் சாப்பிடவில்லை. 2025இல் காங்கயம், வெள்ளக்கோவில் பக்கத்து விவசாயிகள் செத்த ஆடுகளோடு ரோட்டில் உட்கார்ந்த சேதியைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். அதன்பிறகு இழப்பீடு அறிவித்தார்கள். வந்த காசு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தாய் வழியாக நாலு தலைமுறை பார்த்துப் பார்த்து நிறுத்திய பெட்டையாட்டைச் சந்தையில் போய் வாங்க முடியாது. கழிவைக் கொட்டுவதை நிறுத்த வேண்டும், நாய்களுக்குக் கருத்தடை தொடர்ந்து நடக்க வேண்டும். இந்த இரண்டும் நடக்காமல் கிளுவை வேலி மட்டும் எங்களைக் காப்பாற்றாது. இப்போதைக்குப் பட்டியைச் சுற்றி ஆளுயரத்துக்குக் கம்பி வலை அடித்திருக்கிறோம்.

பக்கத்துக் காட்டுப் பங்காளி ஒருவர் தன் நாலு ஏக்கரைச் சோளம் கைவிட்டுக் கொறங்காடாக மாற்றக் கேட்டிருக்கிறார். எனக்கு அதில் ரொம்ப சந்தோசம். அவரைப் போல யோசிக்கிறவர்கள் இந்தப் பக்கம் இன்னும் இரண்டு மூன்று பேர் இருப்பது தெரியும், அவர்களுக்காகச் சொல்கிறேன். கொழுக்கட்டை விதை காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மார்கழிக் கடைசியில் எங்கள் மேக்காட்டுக்கு வாருங்கள், பனி உலர்ந்ததும் பழுத்த கதிரை அடியிலிருந்து மேலே கையாலேயே உருவலாம், பஞ்சு மாதிரி வந்துவிடும். உருவியதை உடனே விதைத்தால் சரியாக முளைக்காது. சாக்கில் கட்டிக் காய்ந்த இடத்தில் ஆவணி, புரட்டாசி வரை வைத்திருந்து, செம்மண்ணையும் சாணிப்பொடியையும் கலந்து, மழைக்கு முந்தின உழவில் மேலாகத் தூவுங்கள். ஆழமாக மூடக் கூடாது. முதல் வருசம் ஆடு மாடு எதையும் உள்ளே விடாதீர்கள். கிளுவைப் போத்தும் எங்கள் வேலியிலேயே வெட்டிக்கொள்ளலாம், அரிவாள் மட்டும் கொண்டுவாருங்கள்.